ஏற முடியாத மரம்

"நீங்கதான் கீர்த்தனாவோட அப்பாவா?"

வினோலியா மேடம் கேட்ட தோரணையிலேயே கருப்பணன் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"ஆமாங்க மேடம்."

கீர்த்தனா படிக்கும் காலேஜில் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்டுக்கே தலைவி. கருப்பணன் மரமேறும் தென்னந்தோப்பு முதலாளி வீட்டுக்குப் போன் போட்டு, "உடனே வரச் சொல்லுங்க" என்றிருந்தார். வத்தலக்குண்டில் பாதிக் காய் வெட்டில் மரத்தை விட்டு இறங்கி, சட்டையை மாட்டிக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்திருக்கிறார் மனுஷன். பொண்ணு என்ன ஏழரையைக் கூட்டி வச்சாளோ!

"கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுன்னா எல்லாரும் லைப்ரரிக்கு, ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர்னு உருப்படியா செய்வாங்க. உங்க பொண்ணு வீடியோ கேம் செஞ்சு வச்சிருக்கா. இதுல தேறலைன்னா டிகிரி கிடையாது, தெரியும்ல?"

கருப்பணன் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

"வெளையாட்டுப் புள்ளைங்க. நான் கண்டிச்சு வைக்கிறேன். இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்ருங்க மேடம்."

மேடம் காதிலேயே வாங்கவில்லை. மேஜை மேலிருந்த பெரிய கம்ப்யூட்டர் பெட்டியை முக்கி முனகி அவர் பக்கம் திருப்பினார்.

திரை முழுக்க ஒரே தென்னை மரம். அடியில் இத்துனூண்டு மனுஷன். காலில் மரமேறும் தளைக்கயிறு, இடுப்பில் அருவா. மேடம் பட்டனைத் தட்டத் தட்டத் தவ்வித் தவ்வி ஏறினான். பாதி மரத்தில் காற்றடித்தது. பொத்தென்று விழுந்தான். மறுபடி அடியிலிருந்து ஆரம்பம்.

"பாத்தீங்களா? ஒரு சறுக்கல், மொத்தமும் போச்சு. காலேஜ்ல ஒருத்தர்கூட உச்சியைத் தொடலை. பசங்க படிப்பை விட்டுட்டு இதையே கட்டி அழறாங்க. லேப்புல இதை ஆடுனா வெளிய நிறுத்துவேன்னு நோட்டீஸே ஒட்டிட்டேன். இம்புட்டுக் கஷ்டமா ஒரு கேமா? மனுஷனால ஏற முடியுமா இதை?"

அதுவரை கூனிக் குறுகி நின்றவருக்குச் சுருக்கென்றது.

"ஏன் முடியாது? நான் தெனம் நாப்பது மரம் ஏறுறேன் மேடம். இருவத்தி ரெண்டு வருசமா! இவனாவது மறுபடி ஏறுறான். நான் சறுக்குனா அதுக்கும் வழியில்ல. எம்புள்ள பொய்யா ஒண்ணும் செய்யலை!"

சொன்ன பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்பது உறைத்தது. ஆனாலும் நிமிர்ந்த நெஞ்சு இறங்கவில்லை. இம்புட்டுப் படித்தவர்கள் ஏற முடியாத மரம், அவர் மரம்!

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் தானாக இறங்கியது.

"மார்க் போன வாரமே போட்டாச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. நாலு நாளா நானும் இந்தப் பாதி மரத்துலதான் விழுந்துக்கிட்டுக் கெடக்கேன். வழி கேட்டா, 'எங்கப்பா ஏறுற மாதிரி ஏறணும் மேடம்'னு சொல்லிட்டா உங்க பொண்ணு."

தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். காத்தடிச்சா என்ன செய்யணும்?"