பதினான்கு அடி

ஆவடிப் பக்கம், யுத்த காலத்து உச்சி வெயில். பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்ட கிணற்றைச் சுற்றி முள்வேலி போட வந்திருக்கிறார் மேஸ்திரி பிரகாசம். கிணற்றின் குறுக்கே போட்ட கட்டையில், நடுவில் ஆணி. ஆணியிலிருந்து ஐம்பது அடிக் கயிறு. கயிற்று நுனி போன வழியெல்லாம் சுண்ணாம்புக் கோடு. அந்த வட்டத்துக்குள், கோட்டை ஒட்டி மாட்டிக்கொண்டிருப்பது ஜம்புலிங்கத்தின் குடிசை ஒன்றுதான். உள்ளே இருப்பதை நாளைக்கு இடித்துவிடுவார்கள். வாசலில் வடிவு முறத்தைப் பிடித்தபடி நிற்கிறாள், அரிசி புடைக்கவில்லை. பக்கத்தில் அவள் புருஷன் ஜம்புலிங்கம் கூடைக்கு விளிம்பு கட்டுகிறான். குறுக்கே நூறு, சுற்றிலும் முந்நூறு என்று வெட்டி வந்த கம்பியைக் கோட்டின்மேல் விரிக்கிறார்கள். பதினான்கு அடி எட்டவில்லை. மேஸ்திரி தலையைச் சொறிகிறார். “வேற கம்பி ஏது? பதினாலு குறையுதா, கயித்துல பதினாலு அடியைக் கொறைச்சுட்டுச் சின்னதாப் போடு.” அந்தக் கோடு குடிசைக்குப் பின்னால், கிணற்றுப் பக்கமாகவே போய்விடும்; குடிசை தப்பிவிடும். வடிவு அரிசியைப் புடைக்கத் தொடங்குகிறாள். கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே ஜம்புலிங்கம் சிரிக்கிறான். “பதினாலு இன்னாத்துக்கு மேஸ்திரி? கயித்துல ஒரு அடி கொறைச்சா சுத்துல ஆறடிக்கு மேலயே கொறைஞ்சிடும். ரெண்டேகால் போதும்.” சொன்ன பிறகுதான் வடிவின் முகத்தைப் பார்க்கிறான். கயிற்றில் முடிச்சு விழுகிறது. புதுச் சுண்ணாம்புக் கோடு அவர்கள் வாசற்படியை உரசிக்கொண்டு, வெளிப்பக்கமாகப் போகிறது; குடிசை உள்ளேயே.