தண்ணீர் வரும் திசை

எல்லாரும் மேற்கே கை நீட்டினார்கள்.

ஒருத்தர்கூட மாறவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“வெள்ளம் வந்தா எந்தப் பக்கம் ஓடுவீங்க?” அவள் கேட்டது இவ்வளவுதான். மழைக்காலத்துக்கு முன்னால் ஆற்றங்கரைக் குடிசைகளில் பயிற்சி கொடுக்கத் தொண்டு நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது.

இவர்கள் கடற்கரை ஜனங்கள். நான்கே வருடத்தில் கடல் தெருத் தெருவாக ஊரைத் தின்றுவிட்டது. மிஞ்சிய இருபத்து மூன்று குடும்பங்களும் சென்னைக்கு வந்து இங்கே தகரக் கூரை போட்டுக்கொண்டன.

அங்கே கடல் கிழக்கே. தண்ணீர் ஏறினால் மேற்கே ஓட வேண்டும். நடக்கப் பழகும் பிள்ளைக்கும் அது தெரியும்.

ஆனால் இது ஆறு.

“ஐயையோ, இல்லக்கா! இங்க தண்ணி மேக்கேருந்துதான் வரும். ஏரியத் தொறந்தா அந்தப் பக்கந்தான் மொதல்ல முங்கும். கெழக்க ஸ்கூல் மாடி இருக்குல்ல, அங்க ஓடணும்” என்றாள் பயிற்சி கொடுக்க வந்தவள்.

“அட, ஆமால்ல!” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்தவளும் சிரித்தாள். சொன்னது மனசில் ஏறிவிட்டது, அது போதும்.

பூங்காவனம் மட்டும் சிரிக்கவில்லை.

போன கார்த்திகையில் இதே ஆற்று வெள்ளத்தில் மகளைப் பறிகொடுத்தவள். எட்டு வயதுப் பிள்ளை. தாய் மீன் விற்கவும் மற்ற பெரியவர்கள் வேலைக்கும் போயிருந்த நேரம். இரண்டு நாள் கழித்துக் கிழக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில் உடல் கிடைத்தது.

அன்றிலிருந்து பூங்காவனம் அழவே இல்லை. திட்டினாள். மேற்கே ஓடுடி என்று படித்துப் படித்துச் சொன்னேன், தறுதலை, கடலைப் பார்த்து ஓடியிருக்கிறாள் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். காலையில் பயிற்சிக்கு வந்த இவளிடமும் சொல்லியிருந்தாள்.

அது எப்படி மறந்து போயிற்று!

பூங்காவனம் எழுந்து நின்றாள்.

“டீச்சர், மேக்கால போன புள்ளையவும் இந்தத் தண்ணி கெழக்க கொண்டாந்து போட்டுடுமா?”

சிரிப்பு அடங்கியது.

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். அந்தத் தாய் திட்டிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள்.

எதிரே இத்தனை பெண்கள். மடியில் பிள்ளைகள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

இல்லை என்றால் நாளைக்கு இவர்களும் மேற்கே ஓடுவார்கள்.

“போட்டுடும்க்கா.”

பூங்காவனம் தலையை ஆட்டினாள். புரிந்தது என்பதுபோல் இன்னொரு முறையும் ஆட்டினாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடிக்க வந்தாள். பூங்காவனம் அதை விலக்கிவிட்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பினாள்.

ஒரு வருடமாக மகளின் பெயரை அவள் வாயில் யாரும் கேட்டதில்லை.

“மோனிஷா... அம்மா சொன்னதத்தான் கேட்டியாடி?”