மூன்றாவது வாசலின் அலாரம்

துறைமுகத்தின் மூன்றாவது வாசலில் அலாரம் அலறியது. தீவிரவாதிகள் அணுப்பொருள் கடத்தாமலிருக்க, வெளிநாடுகளோடு ஒப்பந்தம் போட்டு வைத்த, கதிர்வீச்சைக் கண்டறியும் கருவி அது.

கன்டெய்னர் லாரியை ஓட்டி வந்தவன் ஆசீர்வாதம். வாசலில் காவலுக்கு நின்ற நெல்சனின் தங்கை மெர்லினின் புருஷன்.

"தெரிஞ்ச ஆளா?" என்று நெல்சனைக் கேட்டார் அதிகாரி.

ஒரு வாரமாக ஆசீர்வாதம் ராயபுரம் வீட்டில் தங்கவில்லை. லாரியிலேதான் படுக்கை. பிள்ளை ஓடிப்போய்க் கையை நீட்டினாலும் தூக்காமல் விலகினானாம். வேறொருத்தி இருக்கிறாள் என்று மெர்லின் அண்ணனிடம் அழுதிருந்தாள்.

"எங்க வூட்டு மாப்ளதான் சார். ஆனா ஒரு வாரமா எங்க போறான், யாரப் பாக்குறான்னு தெர்ல. நல்லா சோதிங்க."

லாரியை வேறு டிரைவர் ஓட்டிப் பார்த்தார். சத்தமில்லை. ஆசீர்வாதம் தனியாக நடந்து வந்தான். அலறியது.

"இன்னாடா வச்சிகினுகீற?" நெல்சன் பாய்ந்தான். "என் தங்கச்சிய ஏமாத்துனது பத்தலியா?"

அதிகாரியின் கைக்கருவி ஆசீர்வாதத்தின் கழுத்தருகே கத்தியது. வேளாங்கண்ணி டாலரைக் கழற்றிய பிறகும் கத்தியது.

ஆசீர்வாதம் சட்டைப்பையிலிருந்து ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினான். அதிகாரி சத்தமாகப் படித்தார்.

"தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க மருந்து கொடுக்கப்பட்டுள்ளது. இரண்டு வாரம் குழந்தைகளை நெருங்கக் கூடாது."

நெல்சனின் குரல் இறங்கியது. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, மாப்ள?" என்று தோளைத் தொடப் போனான்.

ஆசீர்வாதம் ஓரடி விலகினான்.

"மெர்லினாண்ட போட்டுக் குடுத்துடுவன்னு பயந்தேன் மச்சான். ஆபீசராண்ட போட்டுக் குடுப்பன்னு நெனைக்கல."