மைக்கை எங்கே அணைப்பது

மனைவியின் இரங்கல் கூட்டத்தில் என்னையும் மைக் முன்னால் நிறுத்தினார்கள். "மறைந்த என் துணைவியார் சுகந்தி அவர்கள்" என்று தொடங்கினேன். வீட்டில் எங்களுக்குள் வாடி, போடாதான். பேசிவிட்டு மேடையைவிட்டு இறங்கினேன். அந்தக் குரல் என்னைவிட்டு இறங்கவில்லை.

மறுநாள் காலை மகள் ஆதிரை பால் கேட்டாள். "இந்தா, குடி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இந்தப் பாலை அருந்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று வந்தது.

சிரித்தாள். "அப்பா, மீட்டிங்ல பேசுற மாதிரியே பேசுற!"

"இல்லடா" என்று சொல்லப் பார்த்தேன். "அன்பிற்குரிய மகளே" என்றது வாய். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பா மாதிரி பேசுப்பா."

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவள் என் மடியில் ஏறிக் கழுத்தைத் தடவித் தடவி எதையோ தேடினாள்.

"மைக்க எங்கப்பா ஆஃப் பண்றது?"

தொண்டை மேட்டில் விரல் நின்றது. அழுத்தினாள்.

"ஆஃப் பண்ணிட்டேன். இப்ப என்னை 'கழுத, வாடி'ன்னு கூப்பிடு. அம்மா கூப்பிடுவால்ல, அது மாதிரி."

விரலை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுதைக்குப் பின்னால் 'அவர்களே' வந்துவிட்டால்?