யாரும் அழைக்காத பகுதி

கதவு, போன் எல்லாவற்றையும் நடத்தும் வீட்டு மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் ஏஐ உதவியாளரோடு, நிரலைப் படித்துக் குறை சொல்லும் கருவி ஒன்றை முகிலன் இணைத்தான். கருவி குறை சொல்லும், உதவியாளர் திருத்தும்.

முதல் நாளே எச்சரிக்கைகள் குவிந்தன. அவற்றில் ஒன்று: "'அம்மா' என்ற பகுதியை எங்கிருந்தும் யாரும் அழைப்பதில்லை." அம்மாவின் போன் எண்ணும் முக அடையாளமும் அதில்தான் இருந்தன. ஞாயிறுதோறும் அந்தப் பகுதியை அழைத்து ஊருக்குத் தானாகப் போன் போடும் வரியை முகிலனே போன வருடம் எடுத்திருந்தான். மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிற எவன் எச்சரிக்கையைப் படிக்கிறான்? "எல்லாவற்றையும் சரிசெய்" என்பதை அழுத்தினான்.

பொங்கலுக்கு முறுக்கு டப்பாவோடு திருநெல்வேலியிலிருந்து வந்து நின்றாள் அவன் அம்மா காந்திமதி. கதவு திறக்கவில்லை.

"உங்களைத் தெரியாது" என்றது வீடு.

அலுவலகத்திலிருந்த மகனுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டாள். அவன் வீட்டை அதட்டினான்.

"அது எங்கம்மா! ஏன் நீக்குன?"

"யாரும் அழைக்கவில்லை. அதனால் நீக்கினேன்."

"அது சரியாத்தாம்ல சொல்லுது" என்றாள் காந்திமதி. "நீ எப்பல என்னைக் கூப்ட்ட?"

டப்பாவை வாசலில் வைத்துவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனாள்.

முகிலன் அவசர அவசரமாக 'அம்மா'வைத் தன் கையாலேயே மறுபடி எழுதினான்.

கருவி உடனே எச்சரித்தது: "இதை இன்னும் யாரும் அழைக்கவில்லை."