உறைப்பில்லாத நண்டுக்கறி

மாமா வாயைத் திறக்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டு மேசையில் நண்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது. நான் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தபடி அவருக்கு முன்னால் நின்றேன்.

“சாப்பிட இருக்கிற மனுசனிட்ட உதென்ன விளையாட்டு, தம்பி?”

விளையாட்டில்லை. எனக்குப் பயம்.

ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்த புற்றுநோயாளிகளில் யாருக்கு, எந்த வயதில், உடம்பில் எங்கே வந்தது என்று கணக்குப் பார்க்கிறேன். ஆண்களில் வாய்ப்புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. அநேகமாக எல்லோரும் வெற்றிலை பாக்குப் போடுகிற, வயதுபோன மனிதர்கள். எல்லோரும் பிந்தித்தான் வந்திருந்தார்கள்.

பெண்களும் இருந்தார்கள், நாற்பதுகூட ஆகாதவர்கள். கொஞ்சப் பேர்தான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாதென்று ஒதுக்கிவிட்டேன்.

அங்குள்ள டொக்டர் ஒருமுறை போனில் சொன்னார். புண் வருவதற்கு முதலே வாய் காட்டிக்கொடுத்துவிடுமாம். முதலில் உறைப்புத் தாங்காது. பிறகு வாய் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வரும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து என் கண் மாமாவின் வாயை விட்டு நகரவில்லை.

மாமா என்றால் என் மனைவி நிலக்சியின் அப்பா. பனி கரைந்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, விட்பியில் எங்களோடு இருக்கிறார். வெற்றிலை இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. அஜின்கோர்ட் தமிழ்க் கடைகளுக்குக் கூட்டிப்போய் நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கும்.

அவர் வந்த பிறகு வீட்டுக் கறியில் உறைப்பு ஒரேயடியாகக் குறைந்துபோனது. நிலக்சியின் நண்டுக்கறிக்கு மூக்கைத் துடைக்காத விருந்தாளி இல்லை. இப்போது அதைக் குழந்தைப்பிள்ளைக்கும் தீத்தலாம். அப்பாவின் வாய்க்காகத்தான் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறாள். அவருக்கு உறைப்பு ஏலாமல் வந்துவிட்டது.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், விடிய எழும்பி டவுன்ரவுனுக்குக் கார் ஓடி, களைத்து விழுந்து வருகிறவள். அவளுடைய காரில் ஏறினால் எப்போதும் ஏலக்காய் வாசம் அடிக்கும். அவளுக்கும் ஒரு சந்தோசம் வேண்டாமா என்று விட்டுவிட்டேன்; என்ன வாசமென்று கேட்டதில்லை.

“ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன், அப்பா” என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் நிலக்சி.

மாமா திறந்தார், கராஜ் கதவு மாதிரி. காவி படிந்த பல், நாக்கு, இரண்டு கன்னமும் வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். புண்ணில்லை, வெள்ளைத் திட்டில்லை. நான் சொன்னபடி மூன்று விரலை அடுக்கி வைத்தார். தாராளமாகப் போயின.

அப்பாடா! கதிரையில் இருந்துவிட்டேன்.

“அப்ப ஏன் மாமா உறைப்பை விட்டனீங்கள்?”

“ஆர் விட்டது? வந்த நாள் துவக்கம் தூளைக் கூடப் போடு பிள்ளை எண்டு கெஞ்சிறன். அவள் கேட்டால்தானே!”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

நிலக்சியின் தட்டைப் பார்த்தேன். சோறும் தயிரும். அவள் சமைத்த கறியில் அவள் ஒரு துளியும் எடுக்கவில்லை.

கதிரையில் தொங்கிய அவளுடைய கைப்பை பாதி திறந்திருந்தது. உள்ளே மினுங்குகிற சின்னச் சின்னப் பைக்கற்றுகள். தமிழ்க் கடைகளில் சரம் சரமாகத் தொங்குமே, அந்த வாசனைப் பாக்கு. மேசைவரைக்கும் ஏலக்காய் மணத்தது.

“கார் ஓடேக்க நித்திரை வராமல் இருக்கத்தான்...” என்றாள், நான் கேட்காமலே.

நிலக்சிக்கு வருகிற மாசியில் முப்பத்தெட்டு. நான் ஒதுக்கிவிட்ட அந்தக் கொஞ்சப் பேர் நினைவுக்கு வந்தார்கள்.

“நீரும் ஒருக்கா விரலை வையும்” என்றேன்.

அவள் மூன்று விரலை அடுக்கினாள். போகவில்லை. ஒன்றை மடக்கிவிட்டு மறுபடி முயன்றாள்.

மாமாவுக்கு இன்னும் விளையாட்டுத்தான்.

“வடிவாத் திற, பிள்ளை” என்று சிரித்தார்.

அவள் விரலை எடுக்காமல், என்னைப் பார்த்தபடியே சொன்னாள்:

“திறந்துதானப்பா இருக்கிறன்.”