டாக்டர் வீட்டைக் காலி செய்கிறார்

“டாக்டரம்மா, நீங்க நல்லது பண்றேள், இல்லேங்கலை. ஆனா இந்தத் தெருவுல வேண்டாம்” என்றார் சீதாராமன்.

டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டின் முன்னறையில், சனிக்கிழமை மாலைகளில் டாக்டர் நாகரத்தினம் தொழுநோயாளிகளுக்கு மருந்து கொடுத்துவந்தார். மதுரைக்காரர். மற்ற நாட்களில் மருத்துவமனையில் ஆராய்ச்சி.

சீதாராமன் வங்கி அதிகாரி. எதிர்ச்சாரியில் சொந்த வீடு. வங்காளிகளான தெருக்காரர்கள் பேசிப் பார்த்துப் பலிக்காமல், ‘உங்க தமிழ்க்காரங்கதானே, நீங்க சொல்லுங்க தாதா’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். பெண் டாக்டரிடம் தனியாகப் போகக் கூச்சப்பட்டு, மனைவி சுலோசனாவையும் அழைத்து வந்திருந்தார்.

டாக்டர் இருவருக்கும் டீ கொடுத்தார். சீதாராமன் கோப்பையைத் தொடவில்லை. சுலோசனா குடித்தாள்.

நாகரத்தினம் பொறுமையாக விளக்கினார். முன்பெல்லாம் ஒரே மாத்திரையை வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும். கிருமி அதற்குப் பழகிவிட்டது. இப்போது மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்ததில், முதல் சில வேளை மருந்திலேயே நோய் பிறருக்குத் தொற்றாமல் போய்விடுகிறது. இங்கே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தார் பலரையும் தொடர்ந்து பரிசோதிப்பதாகவும், அவர்களில் ஒருவருக்கும் புதிதாக வரவில்லை என்றும் சொன்னார்.

“புஸ்தகத்துல எல்லாம் சரி. அப்படி ஒருத்தரோட ஒரே வீட்டுல யாரால நிம்மதியா இருக்க முடியும்? இருக்கிற ஒரு ஆளைக் காட்டுங்கோ, நான் எழுந்து போயிடறேன்.”

நாகரத்தினம் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

“யார் பேரையும் வெளியில சொல்றதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்.”

அப்படியென்றால் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம் என்றார் சீதாராமன். அவரைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டதையும் சொன்னார். பெண்பிள்ளை என்றுதான் சும்மா இருக்கிறோம், இல்லாவிட்டால் தெருவிலுள்ள கிளப் பையன்கள் சாமான்களைத் தூக்கி வெளியே போட்டிருப்பார்கள் என்றார்.

அதற்கும் டாக்டரின் முகம் மாறவில்லை. காலி செய்துவிடுகிறேன் என்றார். மருந்து பாதியில் இருப்பவர்களுக்கு மட்டும் முடித்துக் கொடுக்க அவகாசம் வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

“அதெல்லாம் நடக்காது.” சீதாராமன் எழுந்தார். “வா, போகலாம்” என்றார் மனைவியிடம்.

சுலோசனா எழுந்திருக்கவில்லை. வேண்டாம் என்பதுபோல் டாக்டர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

“வாக்குக் குடுத்தது நீங்கதானே டாக்டர், நான் இல்லையே” என்ற சுலோசனா, ரவிக்கையின் கையைச் சற்றே மேலே ஏற்றிக் கணவரிடம் காட்டினாள்.

“ஏன்னா, இங்க மரத்துப்போன தேமல் ஒண்ணு இருந்தது. நான் இங்க மருந்து சாப்பிட்டு முடிச்சு ஒரு வருஷமாச்சு. உங்ககிட்ட சொல்லச் சொல்லி இவா எத்தனையோ தடவை சொன்னா, எனக்குத்தான் தைரியம் வரலை. ஒரே வீட்டுல நிம்மதியா இருக்கிற ஆளைக் காட்டச் சொன்னேளே, அது நீங்கதான்.”